இடது ஃபோர்க்கில் ஒரே ஒரு பாட்டில்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில், மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலை மண்டிக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே செபஸ்தியானின் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எஞ்சின் புகைகிறது, செயின் தளர்ந்துவிட்டது என்று யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், "அதுக்கெல்லாம் எதுர் கடைக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிடுவான். அவனுக்கு வேண்டியது வண்டியின் முன்பாதி மட்டும். ஹேண்டிலுக்குக் கீழே, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இரண்டு கால்கள் நிற்கின்றனவே, ஃபோர்க் என்கிறோமே, அதுதான் அவன் தொழில். பேச்சும் அதுதான், கர்வமும் அதுதான். கர்வம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, அதை மறைக்க அவனும் முயன்றதில்லை.

"உள்ள ஒரு ஸ்பிரிங்கு, கொஞ்சம் ஆயில். அவ்ளோதான் சார் ஷாக்ஸ். பள்ளத்துல எறங்குனா ஸ்பிரிங்கு அமுங்கும், ஆயில் அத்த புடிச்சி மெதுவா வுடும். ஆயில் இல்லேன்னா அது ஷாக்ஸ் இல்ல, ஒலக்கை" என்பான். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரசங்கம் உண்டு. கேட்காமல் தப்பித்தவர் யாருமில்லை.

விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். நெடுந்தூரம் போகிற பெரிய வண்டிகள், பதினைந்து இருபது வருடம் ஓடியவை, முன்பக்கம் ஆயில் கசிந்து சக்கரத்தில் வழிகிறவை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் செபஸ்தியான் ஒரு கேள்வி கேட்பான்: "பின்னாடி யாரு உக்காருவாங்க?" மனைவி என்றால் மனைவியை அழைத்துவரச் சொல்வான். வந்ததும் இரண்டு பேரையும் பக்கத்து மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் மல்லாட்டை மூட்டை போடுகிற தராசில் ஏற்றுவான். அந்த எடையைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்குக்கு மேலே எத்தனை வாஷர் வைப்பது என்று முடிவு செய்வான். மண்டியில் எடை போடுகிற விருத்தாசலம் நாகரிகம் தெரிந்தவர். கிலோக் கணக்கை வெளியே சொல்லமாட்டார். "ஐயா ஒரு மூட்டை, அம்மா முக்கால் மூட்டை" என்று எண்பது கிலோ மூட்டைக் கணக்கில் மட்டும் அறிவிப்பார். அதனால் இதுவரை எந்தக் குடும்பத்திலும் சண்டை வந்ததில்லை.

இப்படி ஊரார் மனைவிகளையெல்லாம் தராசில் ஏற்றிய செபஸ்தியான் தன் மனைவி அற்புதமேரியை மட்டும் ஏற்றியதில்லை. "எங்கூட்டுக்காரி வெயிட்டு எனுக்குத் தெரியாதா?" என்பான். விருத்தாசலம் சிரித்துக்கொள்வார்.

அவனுக்கும் ஒரு பெரிய வண்டி உண்டு. புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. நீண்ட ஹேண்டில், அகலமான டேங்க், பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு முதுகுச் சாய்மானம். அந்தச் சாய்மானத்துக்கு உறை தைத்தவள் அற்புதமேரி. வீட்டில் ஜாக்கெட் தைப்பவள், மீந்துபோன கறுப்புத் துணியில் அளவெடுத்து ஒரே மாலையில் தைத்துப் போட்டாள். வருடா வருடம் அவள் பிறந்த ஊரான முகையூரில் தேர்த்திருவிழா வரும்போது, இருவரும் அந்த வண்டியில்தான் போவார்கள். திண்டிவனத்தில் கிளம்பி விழுப்புரத்தில் ஒரு டீ, பிறகு முகையூர். வழியெல்லாம் செபமாலை. முதல் பாதியை அவன் சொல்வான், மறு பாதியை அவள் சொல்வாள். அவன் ஹெல்மெட்டுக்குள் சொல்வது அவளுக்குச் சரியாகக் கேட்காது, ஆனாலும் எங்கே நிறுத்துவான் என்று தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அதெல்லாம் நின்றுபோனது. விழுப்புரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் குப்புற அமுங்கியது, ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பியது, இருவரும் சாலையில் கிடந்தார்கள். அற்புதமேரிக்கு முழங்கால் சிராய்ப்பு. செபஸ்தியானுக்கு இடது காரை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக் கூடியது என்றாலும், அன்றிலிருந்து இடது கை தோளுக்கு மேலே ஏறுவதில்லை. சட்டையைக் கழற்ற அவள்தான் உதவ வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எல்லோரிடமும் செபஸ்தியான் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னான். "வண்டில ஒரு கொறையும் இல்ல. மொத நாளுதான் நானே ஷாக்ஸ் கழட்டி மாட்டனேன். மேரி பயந்துக்கினு ஒரு பக்கமா சாஞ்சிட்டா. அவ்ளோதான்." அவள் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், மறுத்துப் பேசவில்லை. அதன்பிறகு அவன் வண்டியில் அவள் ஏறவேயில்லை. கோயிலுக்கு நடை, கடைக்கு ஷேர் ஆட்டோ, முகையூருக்குப் பஸ். ஒருமுறை வற்புறுத்திக் கூப்பிட்டபோது, "வேணாங்க, வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். தன் கையை அவள் நம்பவில்லை என்று செபஸ்தியான் எடுத்துக்கொண்டான். ஃபோர்க்குக்குப் பெயர் போனவனுக்கு அது சின்ன அவமானமா? பெரிய வண்டியை உர மூட்டைச் சாக்குகளால் மூடிப் பட்டறை மூலையில் நிறுத்தினான். தான் வேறு ஒரு சின்ன வண்டியில் போய்வந்தான். சாக்கு போட்டு மூடினானே தவிர, ஒருநாளும் கண்ணிலிருந்து அதை மறைக்க முடியவில்லை.

இந்த வருடம் விற்றுவிடுவது என்று முடிவு செய்தான். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் செல்வகுமார் கேட்டிருந்தான். லடாக் போகப் போகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லி, இதுவரை மேல்மலையனூர் வரைக்கும் போய்வந்த ஆள். நல்ல பையன். "செபஸ்தியாண்ணா, முன்னாடி ஷாக்ஸ் மட்டும் ஒரு தடவ பிரிச்சிப் பாத்துக் குடுத்துடுங்க, சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று போனில் சொன்னான். மற்றவர்கள் கேட்டிருந்தால் செபஸ்தியானுக்குக் கோபம் வந்திருக்கும். மூன்று வருடமாக நிற்கிற வண்டி, ஆயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் சீல் காய்ந்திருக்கும், பார்ப்பதுதான் முறை என்று ஒத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை. சாக்கை விலக்கி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றினான். ஃபோர்க் குழாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தான். நகம் எங்காவது தட்டினால் அங்கே துரு குழி விழுந்திருக்கிறது என்று பொருள், அந்தக் குழிதான் சீலைக் கிழிக்கும். வலது காலில் ஒரே ஓர் இடத்தில் லேசாகத் தட்டியது. மாவு போல நைசான எமரித் தாளால் தேய்த்தால் போய்விடும். இடது கால் வழவழவென்று இருந்தது. இரண்டு சீலும் காய்ந்திருந்தன, ஆனால் கசிவு இல்லை. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் கை வேலை என்று மனதுக்குள் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

ஆயிலை இறக்குவதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு கால்களின் ஆயிலையும் ஒரே தட்டில் கொட்டமாட்டான். வலதுக்கு ஒரு கண்ணாடி பாட்டில், இடதுக்கு ஒரு கண்ணாடி பாட்டில். வெளியே வந்ததை அளந்த பிறகுதான் புதியதை ஊற்றுவான். வலது காலைக் கவிழ்த்தான். கறுத்த ஆயில் கொழகொழவென்று இறங்கி, பாட்டிலில் அவன் கீறி வைத்திருந்த நாலாவது கோட்டில் நின்றது. சரியான கணக்கு. இடது காலைக் கவிழ்த்தான். முதல் கோடு வரைக்கும் வந்தது, நின்றுவிட்டது. குழாயை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

கசிந்திருந்தால் தடம் இருக்கும். அடியில் இருக்கிற போல்ட்டைப் பார்த்தான், சீலைத் தடவிப் பார்த்தான், சாக்கு விரித்திருந்த தரையைக்கூடக் குனிந்து பார்த்தான். எங்கும் போகவில்லை. அப்படியானால் உள்ளே இருந்ததே அவ்வளவுதான். செபஸ்தியான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் ஆயில் ஊற்றுவது, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்த ஃபீடிங் பாட்டிலில். பக்கத்தில் கோடு போட்டிருக்கும், அளவு தப்பாது. கண்ணாடி பாட்டிலில் ஒரு கோடு என்றால் இதில் ஒரு பாட்டில்; ஒரு காலுக்கு நாலு பாட்டில் என்பது அந்த வண்டிக்கு அவன் கணக்கு. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாள் அவனுக்கு இப்போது துல்லியமாக வந்தது. மறுநாள் திருவிழாவுக்குக் கிளம்ப வேண்டும். இடது காலில் முதல் பாட்டிலை ஊற்றினான். மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. அவன் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் வழக்கம், திரிகால செபத்துக்கு மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். வைத்தான். நின்றான். செபித்தான். சிலுவை போட்டு முடித்துத் திரும்பினால், அற்புதமேரி சோற்று வாளியோடு வந்து நின்றாள். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, திரும்ப உட்கார்ந்தவன் வலது காலில் நாலு பாட்டில் ஊற்றினான். இரண்டு மூடியையும் திருகினான். மற்றவர்கள் வண்டியாக இருந்தால் இரண்டு பேரையும் தராசில் ஏற்றி, ஓட்டச் சொல்லி, தானே கூடப் போய்ப் பார்த்திருப்பான். சொந்த வண்டிதானே என்று விட்டுவிட்டான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அதுதான் அவனை அதிகம் குத்தியது. அன்றைக்கு விழுப்புரத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் பின்னாலிருந்து அவள் சொன்னாள், "ஏங்க, முன்னாடி டக்கு டக்குனு சத்தம் வருதுங்க." அவள் மடியில் அக்காள் லூசியா வீட்டுக்கு எடுத்துப்போகிற எவர்சில்வர் பாத்திரப் பை இருந்தது. "அது உன் பாத்திரம் போடற சத்தம். கம்முனு உக்காந்துக்கினு வா" என்றான் செபஸ்தியான். திண்டிவனத்துக்கே ஃபோர்க் பிரசங்கம் செய்கிறவன், தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த சரியான வார்த்தையைப் பாத்திரச் சத்தம் என்று தள்ளிவிட்டான்.

யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு காலிலும் நாலு நாலு பாட்டில் ஊற்றி மூடினால், சனிக்கிழமை வண்டி விழுப்புரம் போய்விடும். விஷயமும் அதோடு போய்விடும். அந்த எண்ணம் வராமலில்லை, நன்றாகவே வந்தது. பழைய ஆயிலைக் கொட்டப் பாட்டிலைக் கையில்கூட எடுத்துவிட்டான். அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். செபம் வாயில் வந்தது, மனசு எங்கும் நிற்கவில்லை. சிலுவை போட்டு முடிப்பதற்குள் அற்புதமேரி சோற்று வாளியோடு வந்துவிட்டாள்.

"மேரி, இங்க வா. இத்தப் பாரு."

"சோறு ஆறிடும். இன்னாது?"

"இது வலது கால்ல இருந்த ஆயிலு. இது இடது."

அவள் குனிந்து இரண்டு பாட்டிலையும் பார்த்தாள். "இதுல இன்னா இத்தினியூண்டு கீது?"

"நான் ஊத்தல."

"இப்பவா?"

"இப்ப இல்ல. அன்னிக்கு. நாம முகையூரு போறதுக்கு மொத நாளு. ஒரு பாட்டிலு ஊத்தனேன், மணி அடிச்சிது. எழுந்து நின்னேன். அப்புறம் நீ சோறு எத்துக்கினு வந்த. நான் மறந்துட்டு அடுத்த கால்ல ஊத்தி ரெண்டையும் மூடிட்டேன்." இடது பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். "அதனாலதான் வுழுந்தோம். நீ சாயல மேரி. நீ ஒண்ணுமே பண்ணல. சத்தம் வருதுன்னு வேற சொன்ன. நான்தான் பாத்திரம்னு சொன்னேன்."

இப்போது திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான். திட்டட்டும் என்று இருந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தத் துளியூண்டு ஆயிலையே பார்த்தாள்.

"அப்ப நான் உங்களத் தள்ளலியா?"

"இன்னா?"

"மூணு வருசமா நான்தான் உங்களத் தள்ளி வுட்டுட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன். நீங்க சட்டையக் கழட்ட முடியாம நிக்கறப்பல்லாம் எனுக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

"பின்ன ஏன் என் வண்டில உக்கார மாட்டேன்ன? என் ஓட்டுதல் மேல நம்பிக்க இல்லன்னுதானே..."

"ஐய, உங்க மேல எனுக்கு இன்னா பயம்? நான் பின்னாடி உக்காந்தா மறுபடியும் உங்களுக்கு எதனா ஆயிடும். அதுக்குத்தான் பஸ்ல போனேன்."

செபஸ்தியானுக்கு அந்த வேகத்தடையில் விழுந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே தட்டுக் குழம்பில், அவன் தன் கர்வத்துக்குப் பட்ட அடியைத் தடவிக்கொண்டிருந்தான். அவளோ அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கிரீஸ் கையோடு அவள் பக்கத்தில் குந்தினான். அழுகை வந்தது, அதை மறைக்கவுமில்லை.

"கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல வேற சொன்னேங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூணு வருச தபசுகால நோன்புலயும். பயந்து போயி புருசனக் கீழ தள்ளிட்டேன் சாமின்னு."

"சாமி இன்னா சொன்னாரு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு அம்பத்து மூணு மணி செபமால அபராதம் குடுத்தாரு. முகையூரு போற பஸ்ஸுல நின்னுக்கினே ரெண்டு பேரு பங்கையும் நானே சொன்னேன்." சொல்லிவிட்டு அவளுக்கே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தின் நடுவே சிரிப்பும் வந்துவிட்டது. "நீங்க பண்ணதுக்கு நான் அபராதம் சொல்லிக்கினு கீறேன்! மூணையும் நீங்க திருப்பிச் சொல்லணும். ஆமா."

"சொல்றேன்."

"ஹெல்மெட்டுக்குள்ள முணுமுணுக்கக் கூடாது. எனுக்குக் கேக்கணும்."

அவள் என்ன சொல்லிவிட்டாள் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. உறைத்ததும் எழுந்து போய் செல்வகுமாருக்குப் போன் போட்டான்.

"தம்பி, வண்டி குடுக்கறதுக்கில்ல. மனசுல வச்சிக்காதீங்க."

"ஏண்ணா, ஷாக்ஸ்ல எதனா பிரச்சனையா?"

"ஷாக்ஸ் நல்லாத்தான் கீது. அத்த மாட்டனவன்தான் சரியில்ல. உங்களுக்கு வேற நல்ல வண்டியா பாத்து நானே ஷாக்ஸ் பண்ணித் தர்றேன். லடாக்குக்கு அதுல போங்க."

சோறு ஆறியேவிட்டது. ஆறிய சோற்றை இருவரும் ஒரே வாளியில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் செபஸ்தியான் அவளை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். விருத்தாசலம் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கடைசியா உங்கூட்டம்மாவையும் இட்டாந்துட்டியா? வெயிட்டு தெரியும்னு சொல்லிக்கினு இருந்த?"

"தெரியலண்ணா" என்றான் செபஸ்தியான்.

அற்புதமேரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிறவள் போலச் சேலையைச் சரிசெய்துகொண்டு தராசில் ஏறினாள். "அண்ணா, சத்தமாச் சொல்லாதீங்க" என்றாள். விருத்தாசலம் எண்ணைப் பார்த்தார், யோசித்தார், "முக்கால் மூட்டைக்கு ஒரு மரக்கால் கொறச்சல்" என்று மெதுவாகச் சொன்னார். செபஸ்தியான் மனதில் வைத்திருந்த எடைக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. இந்த மூன்று வருடத்தில் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் ஒரு வாஷர் குறைத்துப் போட்டான்.

புது சீலுக்கு கிரீஸ் தடவி, குழாயில் இறக்கி அமர்த்திய பிறகு, ஃபீடிங் பாட்டிலை அற்புதமேரி வாங்கிக்கொண்டாள். அவன் நிரப்பிக் கொடுக்க, அவள் ஊற்றினாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் வாய்விட்டு எண்ணினாள். இடது காலில் நாலு. வலது காலில் நாலு. எட்டு முடிந்ததும், நம்பிக்கையில்லாமல் ஒரு குச்சியை விட்டு இரண்டிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தான். ஒன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் தேர்த்திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். சாய்மானத்துக்குப் பழைய உறை நைந்திருந்தது, அவள் புதிதாகத் தைத்திருந்தாள். பாத்திரப் பையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டாள். அபராதத்தின் முதல் செபமாலை விக்கிரவாண்டிக்குள் முடிந்தது, இரண்டாவது விழுப்புரத்தில். டீ குடித்துவிட்டு மூன்றாவதை ஆரம்பித்தான். சத்தமாகத்தான் சொன்னான், சாலையில் போன ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்து வேகத்தடை தூரத்தில் தெரிந்ததும் செபஸ்தியானின் குரல் தானாக நின்றது. வேகத்தைக் குறைத்தான். காதெல்லாம் முன்சக்கரத்தில் இருந்தது. வண்டி ஏறியது, முன்பக்கம் நிதானமாக அமுங்கியது, நிதானமாக எழுந்தது. அவள் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன் இடது தோளில், அந்த முறிந்த எலும்பின் மேலேயே, கையை வைத்தாள்.

"சத்தம் ஒண்ணும் வரலீங்க. செபத்த வுடாம சொல்லுங்க."

விட்ட இடத்திலிருந்து அவன் முதல் பாதியைச் சொன்னான். மறு பாதியை அவள் சொன்னாள்.